காது உத்தியோகம்

என் வீட்டுக்காரருக்குக் காதால் செய்கிற வேலை.
பிராகா நகரசபை, குடிநீர்ப் பிரிவு, இரவுப் பணி.
கடைசிக் காபிக் கடையும்
இரும்புக் கதவை இழுத்து மூடிய பிறகு
நீளக் கம்பியின் ஒரு முனை தெருவில்,
மறுமுனை காதில்.
தரைக்கடியில் எந்தக் குழாய் அழுகிறது என்று
நின்று கேட்பார் பெல்மீரு.
அழுகிறது என்பது என் சொல்.
அவர் சீறுகிறது என்பார்.

சத்தம் பெரிதாக இருக்கும் இடத்தில்
உடனே தோண்டிவிடாதே என்பார்.
குழாய் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்,
அழுவது ஓரிடம், கேட்பது வேறிடம்.
மூன்று இடத்தில் கேள்.
திரும்பி வந்து முதல் இடத்தில் மறுபடி கேள்.

லிஸ்பன் பொறியாளர்கள்
பெட்டி பெட்டியாய்க் கருவி இறக்கித் தோற்றுப்போய்
அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.
அந்தக் காதிடம்தான்
சூப்பில் உப்பு போதுமா என்று
நான் மூன்று தடவை கேட்கவேண்டும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கா?
செபமாலையைப் பதினோரு நிமிடத்தில் உருட்டி முடிப்பேன்.
கரண்ட் பில், எர்மெலிந்தாவின் மூட்டுவலி,
மாடிவீட்டு நாய்,
எல்லாவற்றையும் ஆண்டவர் தலையில் கொட்டிவிட்டு
ஆமென் என்று போனை வைத்துவிடுவேன்.
அந்தப் பக்கம் அவர் வாய் திறந்தாரோ என்னவோ.

புனித வாரத்துப் புதன்கிழமை.
அடைமழை. ஊர்வலம் இல்லை.
மழைச் சத்தத்தில் குழாய் கேட்காது,
அதனால் அவருக்கும் வேலை இல்லை.
நான் பாத்திரம் கழுவுகிறேன்.
ரேடியோவில் யாரோ தேதி சொன்னார்கள்.
என் கை தண்ணீருக்கடியில் அப்படியே நின்றது.

என்ன, என்றார்.
ஒன்றுமில்லை, என்றேன்.

முப்பத்தோரு வருடமாக நான் ஒன்றுமில்லை என்பதும்
அவர் செய்தித்தாளைப் புரட்டுவதும்
எங்கள் வீட்டு வழக்கம்.
அன்று தாள் புரளவில்லை.
எழுந்து வந்து
குழாயை மூடினார். ரேடியோவை அணைத்தார்.
எதிரில் உட்கார்ந்தார்.
தலை ஒரு பக்கம் சாய்ந்து,
வாய் லேசாகத் திறந்து,
மூச்சைப் பாதியில் நிறுத்தி.
அந்த முகத்தைத் தெருவிளக்கில் ஒரே ஒருமுறை
பார்த்திருக்கிறேன்.

நான் காட் கருவாட்டின் விலையைப் பற்றிப் பேசினேன்.
அங்கே அவர் தோண்டவில்லை.
தங்கையைப் பற்றிப் பேசி
கொஞ்சம் கத்தவும் செய்தேன்.
அங்கேயும் தோண்டவில்லை.
பிரிட்ஜ் ஒருமுறை உலுக்கிக்கொண்டு அடங்கியது.
பிறகு பெயரைச் சொன்னேன்.

டெல்மு.
துணியில் சுற்றி எடுத்துப் போகுமுன்
நான் அவனை அப்படித்தான் கூப்பிட்டேன்.
நர்ஸ் பெயர் கேட்கவில்லை.
நீ அன்று ஏதோ தெருவில்
கம்பியோடு நின்றாய்.

ஆண்டவர் சித்தம் என்று மட்டும் சொல்லியிருந்தால்
எழுந்து போயிருப்பேன்.
அவர் சொன்னது:
மறுபடி சொல்.
சொன்னேன்.
மறுபடி.
மூன்றாவது தடவை
அவர் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது.

பெரிய வெள்ளி.
பங்குத் தந்தை அபீலியு வெறுந்தரையில்
குப்புற விழுந்து கிடக்கிறார், கன்னம் கல்லில்.
வருடா வருடம் அந்த அமைதியில்
நான் மன்றாட்டுகளை வரிசைப்படுத்துவது உண்டு.
இந்த வருடம் எதையும் எடுக்கவில்லை.

என்ன கேட்டது?
பொய் சொல்லக்கூடாது.
ஒரு குழந்தை மூக்குறிஞ்சியது.
யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்தார்கள், அதுவும் மெதுவாக,
அதனால் முடிவேயில்லாமல்.
பக்கத்தில் பெல்மீருவின் இடது மூக்கு விசிலடித்தது.
ஆண்டவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஆனால் நான் வாய் மூடியிருந்த நேரமெல்லாம்
மறுமுனையில் யாரோ
தலையைச் சாய்த்து
மூச்சைப் பாதியில் நிறுத்தி நிற்பதுபோல் இருந்தது.
எத்தனை வருடமாக நிற்கிறாரோ,
கால் வலிக்காதா.

சனிக்கிழமை மழை விட்டது.
கம்பியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.
சூப்பில் உப்பு போதுமா என்றேன்.
இரண்டாம் தடவையிலேயே
பதில் வந்தது.