தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இடம்

ரூவியில், நாணயமாற்றுக் கடை வரிசைக்கு மேலே
மூன்றாம் மாடியில் என் மேசை.
உரிமை கோரப்படாத ஈவுத்தொகை
என்பது நான் பார்க்கும் பிரிவின் பெயர்.
வீட்டில், யாரும் வந்து வாங்காத காசு என்று சொன்னேன்.
அப்ப நாமளே எடுத்துக்கலாமா என்றாள் மகள்.

கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பட்டியலில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர்.
பாதிப் பேருக்கு அஞ்சல் பெட்டி எண்தான் முகவரி.
முகாமை இடித்ததும் பெட்டியையும் மூடிவிட,
போன காசோலைகள்
சிவப்பு முத்திரையோடு எங்களிடமே வந்து சேர்ந்தன.
இருநூற்றுப் பதினாறாம் வரியில்
சங்கிலிமுத்து கோபியா.
கொப்பையாவாக இருக்க வேண்டும்.
விசாவிலேயே அப்பன் பெயரைக் கடித்துவிடுகிறார்கள்.
மாவு ஆலையில் முந்நூறு பங்கு,
வாங்கியது தொண்ணூற்றெட்டு பிப்ரவரி,
பதினோரு முறை ஈவு,
எண்பத்தேழு ரியால் நானூற்றைம்பது பைசா.
வட்டி கிடையாது.
இந்த ஊர்க் கணக்கில் புள்ளிக்குப் பின் மூன்று இடம்.
கடைசிச் சைபர்கூட
தன் நாற்காலியில் உட்கார்ந்து
அவருக்காகக் காத்திருந்தது.

எண்ணைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம்.
பர்காவில், கோழிப் பண்ணையில் ஏசி மெக்கானிக்.
நான் தமிழில் பேசியதும் சுதாரித்துக்கொண்டார்.
"ஓடிபி கேப்பியே, கேளு."
கேட்க மாட்டேன்.
"முன்பணம் கட்டணும்பே."
ஒரு பைசா வேண்டாம். பாஸ்போர்ட் நகல்,
ரெசிடென்ஸ் அட்டை, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு,
ஒரு படிவம், ஒரு கையெழுத்து.
"எந்தக் கம்பெனி?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"அந்த வருசம் முகாம்ல சமையக்காரன்கூடப் பங்கு வாங்குனான்.
பரோட்டாவுக்குப் பிசைஞ்சுக்கிட்டே வெலை சொல்லுவான்.
மனைக்குன்னு வச்சிருந்ததப் போட்டேன்.
பனையில பிடி விட்டவன் மாதிரி எறங்கிருச்சு.
வீட்ல, கம்பெனிக்காரன் சம்பளத்தப் பிடிச்சிட்டான்னேன்.
இருபத்தாறு வருசமா
அந்தக் கம்பெனியத் திட்டிக்கிட்டு இருக்கா."

ஞாயிறு காலை, பங்கு டாக்ஸியில் வந்தார்,
அக்குளில் பிளாஸ்டிக் உறை.
சுவைனா பழைய விண்ணப்பத்தைக் கணினியில் திறந்தாள்.
பொருந்தவில்லை.
இன்றைய கையெழுத்து ஆங்கிலத்தில்,
எஸ்ஸின் இடுப்பில் ஒரு கோடு.
அன்றையதைப் பார்த்து,
"இது என்ன, கயிறா?" என்றாள் அரபியில்,
திரையை என் பக்கம் திருப்பி.
அந்த மாடியில் அதை வாசிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.
சங்கிலி.
லியின் கொக்கி கட்டம் தாண்டிப் போய்
தேதியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு கவுண்ட்டர்ல ஒருத்தன் பாத்துச் சிரிச்சான்.
மாத்திக்கிட்டேன்."

பழையபடி போட வருமா என்று
வெற்றுத்தாள் கொடுத்தேன்.
சா நடுங்கிச் சங்கு மாதிரி ஆனது.
அழித்துப் பார்த்தார், பேனா மை அழியுமா.
ங்-க்குப் புள்ளி வைக்க மறந்தார்.
நானும் சுவைனாவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டோம்.
எத்தனையாவது தடவையோ,
"பண்ணையில இந்நேரம் தண்ணி மோட்டார் போட்டிருப்பானோ என்னவோ" என்று
எதையோ நினைத்தபடி கிறுக்கியதில்
கொக்கி தானாக ஓடித் தேதி வரைக்கும் போனது.
சுவைனா முத்திரையை எடுத்தாள்.

பணம் ஏற நாற்பது நாள் ஆகும் என்றேன்.
முந்நூறு பங்கும் இன்னும் உங்கள் பெயரில்தான்,
இன்றைய விலை பார்க்கட்டுமா?
வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

லிஃப்ட் வரை போனவர் திரும்பி வந்தார்.
சங்கிலியாக எழுதித் தள்ளிய அந்தத் தாளை எடுத்து
நாலாக மடித்தார்.
"ஏம்மா, பிடிச்ச சம்பளத்தக்
கம்பெனிக்காரன் திருப்பிக் குடுத்துட்டான்னு
அவட்ட சொல்லிரட்டுமா?"