வலது காது

ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் உப்புத் தண்ணீர்.
நானோ மருந்துக்கடையில்
நாற்பத்தெட்டுக் குரோனர் கொடுத்து
உப்புத் தண்ணீர் வாங்கி வருகிறேன்,
நீள மூக்கு வைத்த டப்பாவில்.
கடைக்காரர் சிரிக்கவில்லை.
கிளாக்ஸ்விக்கில் யாரும் சட்டென்று சிரிப்பதில்லை.

ஐம்பத்து மூன்று வயதில்
காது மடலின் உச்சியில் எதற்கு ஓட்டை என்று
மீன் ஆலையில் கேட்டார்கள்.
தெரியவில்லை என்றேன். உண்மைதான்.
கடலடிச் சுரங்கம் தாண்டி
தோர்ஷாவ்னில் பல் டாக்டரிடம் போனேன்.
டாக்டருக்குக் காய்ச்சல்.
பக்கத்துக் கதவு திறந்திருந்தது.

எந்தக் காது என்றாள் சுன்வா,
கழுத்துவரை பச்சை குத்திய பெண்.
இடதின் பின்னால் மெஷின் உட்கார்ந்திருக்கிறது,
இருபத்தாறு வருடம் மீன் வெட்டும் இயந்திரத்தின் பக்கம் நின்று
செத்துப்போன காது.
இடமிருப்பது வலதில்தான்.

மூச்சை விடு என்றாள். விட்டேன்.
குருத்தெலும்பு முறிகிற சத்தம்
உள்ளேயிருந்து கேட்டது,
பச்சைக் காரட்டைக் கடித்தாற்போல.

தொடாதே. சுற்றாதே. பொருக்கை உரிக்காதே.
காலையும் மாலையும் உப்புத் தண்ணீர்,
மற்ற நேரம் மறந்துவிடு.
வெள்ளையாய்க் கசிந்தால் கசியட்டும்,
பச்சையாய் நாறினால் என்னிடம் வா.
வெளியே ஆறினதுபோல் நடிக்கும், நம்பாதே,
உள்ளே ஆற ஒன்பது மாதம்.
அந்தப் பக்கம் படுக்கவே படுக்காதே.

மூன்றாம் வாரம்
கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது
நூல் மாட்டி இழுத்ததில்
சமையலறை முழுக்க நட்சத்திரம்.
ஆலையில் தலைவலைக்கு அடியில் நீல பிளாஸ்திரி,
காதின் பின்புறம் மிளகளவு ஒரு புடைப்பு.
அதை ஒன்றும் செய்யாமலிருப்பதுதான்
அந்த மாதம் நான் செய்த பெரிய வேலை.

மற்றது இரவு.

நான் எப்போதும் வலப்பக்கம் படுப்பவள்.
மெஷினைக் கழற்றி, நல்ல காதைத் தலையணையில் புதைத்து,
சுவரைப் பார்த்து.
உலகம் அணைந்துவிடும், விளக்குபோல.
இப்போது இடப்பக்கம்.
செத்த காது கீழே, நல்ல காது மேலே,
முகம் ஹொக்னியின் பக்கம்.

தகரக்கூரையில் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை
என்பது எனக்குத் தெரியாது.
துறைமுகத்தில் ஏதோ படகு
விடியும்வரை இருமிக்கொண்டே இருக்கும் என்பதும்.

நாலாம் இரவு அவன் குரல்.
"தூங்கிட்டியா?"
கண்ணைத் திறக்கவில்லை.
கொஞ்ச நேரம் பொறுத்து, "சரி" என்றான்,
பழகின ஆள் சொல்வதுபோல.
பிறகு பேசினான், கூரையிடம்.
அந்தச் சின்ன ஆடு பாறையிலிருந்து விழுந்ததற்கு
நாய் காரணமில்லையாம், அவன்தானாம்.
டீசல் கடன் இன்னும் பாதி நிற்கிறதாம்.
இடது கையில் இரண்டு விரல் மரத்துவிட்டது,
முடிச்சு விழ மாட்டேனென்கிறது.

எத்தனை வருடமாகக் கேட்டிருப்பான்
அந்தக் காதிடம்,
தூங்கிட்டியா, தூங்கிட்டியா என்று?

கை என்னையறியாமல் காதுக்குப் போனது.
பாதியில் நிறுத்தினேன்.
சுன்வா சொன்னது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானோ என்னவோ.

காலையில் அவன் எழுமுன்
தூண்டில் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து
நாற்பது கொக்கிக்கும் முடிச்சுப் போட்டு வைத்தேன்.
பார்த்தான். காபி குடித்தான்.
ஒரு கொக்கியை எடுத்து இழுத்துப் பார்த்தான்,
பிடித்தது.
அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

ஒன்பது மாதம் போய்ப் பதினொன்று ஆகிறது.
புடைப்பு அடங்கிவிட்டது.
சுன்வா கம்பியை மாற்றி
சின்ன வெள்ளி வளையம் போட்டாள்,
இனி எந்தப் பக்கமும் படுக்கலாம் என்றாள்.

நேற்று ஹொக்னி சுவர்ப்பக்கத் தலையணையைத் தட்டினான்,
"உன் பழைய இடத்துக்குப் போகலாமே, ஆறிடுச்சா?"
இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

ஆமாம்,
இப்போது அவனுக்கு நான்
காது குத்துகிறேன்.