தொண்ணூறு மீட்டர்

கொச்சியில் இரண்டாம் வருடம்.
வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாக
அறுத்து வைத்திருக்கிறோம்,
கட்டம் ஒன்றுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.
என் ஊர் விழுந்த கட்டத்தில்
வேளிமலையும் உண்டு, திங்கள்சந்தை நெரிசலும் உண்டு,
குளச்சல் துறைமுகம் உண்டு, பாதிக்குப் பாதி கடல்.
எல்லாவற்றையும் கூட்டி வகுத்து
மாதிரி சொல்கிறது:
குறும்பனை, கடல்மட்டத்துக்கு மேல் தொண்ணூறு மீட்டர்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.
"அப்ப மீன்கூடையோட இனி மலை எறங்கணுமாக்கும்."

கோரியாலிஸ் விசை எங்களுக்குக் கொஞ்சம்தான்.
எட்டாவது அட்சரேகை.
பூமி எல்லாரையும் பிடித்துத் திருப்புகிறது,
எங்களைத் தோளில் தொட்டுவிட்டுப் போகிறது.
தேர்வில் இப்படி எழுதி ஒரு மார்க் போனது.

மே மாதம், புராஜெக்ட் அறிக்கையோடு வீட்டில் இருந்தேன்.
கொடியில் அண்ணனின் டீசல் சட்டை
தொங்கியபடியே தொங்கிய மத்தியானம்.
எச்சரிக்கை காலையிலேயே போனில் வந்திருந்தது,
வாரத்துக்கு மூன்று வரும்.
மூன்றரைக்குக் கடல்
தடுப்புச்சுவர்க் கற்களுக்கிடையே குனிந்து நுழைந்து
அடுக்களைக்கு வந்தது.
சத்தம் போடவில்லை.
முதலில் செருப்புகளை எடுத்தது.

அரிசி டிரம் கட்டிலில், சிலிண்டர் மேசையில்,
லேப்டாப் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில்
அதற்குள் தொண்ணூறு மீட்டரோடு.

என்கூடப் பத்தாம் வகுப்பு படித்த ஷெல்வின்,
இப்போது படகு எஞ்சின் பார்ப்பவன்,
வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டான்:
"காத்து படிக்கியவளே, ஒரு ஓலை அசையேல்ல.
பின்ன இது எப்பிடி?"

பதில் தெரியும்.
கள்ளக்கடல் என்று ஆங்கில எழுத்தில்
பலகையில் எழுதிப்போட்ட நாளில்
போபால்காரி என்னிடம்தான் பொருள் கேட்டாள்.
தெற்கே, பனிக்கடலருகே, ஆளில்லாத நீரில்
அடித்து ஓய்ந்துவிட்ட காற்று.
அதன் அலை மட்டும்
இத்தனை நாளும் நடந்து வந்திருக்கிறது.

"இது போன வாரத்துக் காத்து" என்றேன்.
"அப்ப வட்டியோட வந்திருக்கான்" என்றான்,
சிலிண்டரை இன்னும் உள்ளே தள்ளி வைத்தபடி.

இரவு ஈரத்தாள்களை விரித்துக் காயப்போட்டேன்.
வரையறைகள் என்ற தலைப்பின் கீழ்
வெறும் வெள்ளை.
அம்மா துணியை நனைத்துச்
சுவரின் மண்கோட்டைத் துடைக்கப் போனாள்.
நில்லும்மா, என்றேன்.
பள்ளிக்கூட ஸ்கேல்,
ஒன்றரை தடவை.