பால் மாறும் ஆறு

பிரிக் நகரில் என் கடையில், மூன்றாம் தட்டில்,
நல்லெண்ணெய்க்கும் ஊதுபத்திக்கும் நடுவில்
ஈயம் வைத்து அடைத்த செப்புச் செம்பு ஒன்று.
விரல் உயரம். கங்கைத் தீர்த்தம்.
அடியில் ஒட்டிய தாளில் காலாவதித் திகதி:
போன மாசி.
அதிகாரி கண்டால் தண்டம்.
எறியவும் கை வரவில்லை.

"மேலே கொண்டு போவோம்" என்றான் நேகி.
ஓபர்வால்டில் ஹோட்டல் சமையற்காரன்.
கடுகெண்ணெய் வாங்க வருவான்.
அதற்கு முன் பதினொரு வருடம்
கங்கோத்ரியிலிருந்து கோமுகம் வரை
அடுத்தவர் மூட்டை சுமந்தவன்.
எங்களுக்குள் பாலம்
அவனுடைய அரை டொச், என்னுடைய முக்கால் டொச்.

ஆவணி ஞாயிறு. கடை பூட்டு.
மஞ்சள் பஸ் வளைவுக்கு வளைவு மூன்று சுரத்தில் கூவி
கிளெட்ச்சில் இறக்கிவிட்டது.

நேகி இந்த மலையைப் பார்க்கவில்லை,
இதற்குள் இருந்த இன்னொன்றைப் பார்த்தான்.
"இது சீர்பாசா. பைன் மரம் இதோடு சரி.
இது கல் விழும் இடம். நிற்காதே, நட.
மேலே ஆடுகள், ஒரு குளம்பு தட்டினால் போதும்.
இங்கே ஒரு சாமியார், நீலத் தார்ப்பாய்க்குள்.
பீடி கேட்பார். பேர் கேட்டதில்லை."
அவன் கைகாட்டிய இடத்தில்
ஒரு மர்மொட் எழுந்து நின்று விசிலடித்தது.

பாதையோரம் ஆண்டு எழுதிய கல்.
பனி இதுவரை இருந்ததாம்.
ஏறினால் இன்னொரு கல், இன்னொரு ஆண்டு.
"எங்களிடமும் உண்டு" என்றான்.
பெருமையா துக்கமா, குரலில் பிடிபடவில்லை.
நான் பிறந்த ஆண்டைத் தேடினேன். காணவில்லை.

ஆறு கூடவே வந்தது, சாம்பல் கரைத்த பால்.
இந்தப் பள்ளத்தாக்கார் வாயில் அது ரோட்டன், ஆண்.
பள்ளிக்கூட டொச்சில் றோன், பெண்.
சியேர் தாண்டிப் பிரெஞ்சுக்குள் புகுந்தால் மறுபடி ஆண்.
பால் மாறிப் பால் மாறி
யாரையும் கேட்காமல் கடலுக்குப் போகிறது.
"தமிழில் அஃறிணை என்று ஒதுங்கிக்கொள்வோம்"
என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.
"ஆறு அம்மா" என்றான்.

ஜன்னலில் பலகை அறைந்த பழைய ஹோட்டல்.
அதன் முதுகுப்பக்கம் பனியாறு.
நீலம் பார்க்க வந்தேன். கண்டது போர்வை.
உருகாதிருக்கக் கோடையில் போர்த்துகிறார்கள்.
கிழிந்து, சேறு பட்டு,
காற்றில் ஓரம் படபடக்கும் வெள்ளைத் துணி.
நாவுக்கு வந்த உவமையை விழுங்கினேன்.
நேகியும் எதையோ விழுங்கினான்.

சீட்டுக் கொடுக்கிற பிள்ளை கேட்டாள்:
"அதற்குள் என்ன?"
"ஒரு ஆறு."
"கண்ணாடி இல்லையென்றால் சரி."

மழுங்கிய பாறையில் குந்தி
கத்தி முனையால் ஈயத்தை நெம்பினான்.
கவிழ்த்தோம்.
ஒன்றுமில்லை.
பச்சைக் களிம்பு, ஒரு நகக்கண் அளவு.

கனமில்லை என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
விலை ஒட்டத் தெரிந்த கை.
இதே பெட்டியிலிருந்து ஐந்து விற்றிருக்கிறேன்.
ஒன்று, விஸ்ப் ஆஸ்பத்திரியில் கிடந்த
கமலேந்திரனின் கடைசி வாய்க்கு.
உடைத்து ஊற்றினார்கள்.
ஏதும் விழுந்ததா என்று
அவருடைய மனைவி சொல்லவில்லை. இன்றும்
வெள்ளிக்கிழமைகளில் வெற்றிலை வாங்க வருகிறா.

போர்வையின் அடியில்
கருவறை வடசுவரின் கோமுகை போல
ஒரு பனிவாய் ஒழுகிக்கொண்டிருந்தது.
செம்பைக் கழுவலாமா என்று பார்த்தேன்.
அவன் அதை என் பையில் போட்டுவிட்டு
சட்டியை நீட்டினான்.
கேஸ் அடுப்பு. இஞ்சி. பால்மா,
ஏற்கெனவே பால் நிறத்தில் இருந்த தண்ணிக்கு.

முதல் மிடறிலேயே பல்லில் மணல் நறநறத்தது.
"கோமுகத்திலும் இப்படித்தான்" என்றான் நேகி,
சீனி போதுமா என்று கேட்கிற குரலில்.