கூட்டத்தில் நழுவும் கை

இரண்டாம் ஷிப்ட் பாதியில்
கன்னியம்மா மேசைமேல் வைத்தாள்
பன்னீர் சோடா பாட்டில் நிறைய
எண்ணூர்க் கழிமுகத்தை.
"இன்னா கீதுன்னு பாத்துச் சொல்லு ஜெசிந்தா,
எறா தடவுனா வெரலிடுக்கெல்லாம் எரியுது."

மணலியில் டேங்கர்கள் வரிசைகட்டி உறுமும் நேரம்.
மீட்டரின் கண்ணாடிக் குமிழைக் கழுவினேன்.
ஏழு என்று சீட்டு ஒட்டிய தாங்கல் கரைசலில் ஏழு,
நாலு என்றதில் நாலு.
சொன்னது சொன்னபடி.
அவள் தண்ணீரில் முக்கியதும்
ஏழு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி எட்டு,
எண் நிற்கவேயில்லை.
நல்ல தண்ணியில் பழக்கிய குமிழ்
கடல் பேசினால் திக்கும்.

உப்பென்றால் எல்லாம் ஒன்றல்ல.
நவச்சாரம் கரைந்தால் நீர் அமிலத்துக்குச் சாயும்,
சலவைச் சோடா கரைந்தால் காரத்துக்கு.
அப்பன் ஆத்தாள் குணம்
தண்ணீரில்தான் தெரியவரும்.
குழம்புக்குப் போடும் உப்புக்கோ
இரண்டு பக்கமும் வலுத்த வீடு.
சண்டை சரிக்குச் சரியாகிப் பிறந்த பிள்ளை,
எந்தப் பக்கமும் சாயாது.
நடுநிலை, ஒரு மார்க்,
பத்தாம் வகுப்பில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஆனால் போன மாதம் ஒரு ராத்திரி
ஃப்ரைடு ரைஸ் கடை வினிகரில்
கைப்பிடி கைப்பிடியாய் உப்பைக் கொட்டிப் பார்த்தேன்.
எண் இறங்கியது.
அமிலம் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை,
புளிப்பு மட்டும் ஏறிவிட்டது.

திருவொற்றியூர்த் தேரடியில்
மாசித் தேர் நாள் நினைவிருக்கிறதா?
யாரும் யாரையும் தள்ளவில்லை, பிடித்து இழுக்கவில்லை.
ஆனாலும் ஜோடியாக வந்தவர்கள் கை நழுவும்.
அவளைச் சுற்றி ஒரு கும்பல், அவனைச் சுற்றி ஒரு கும்பல்,
பிரிந்தும் தனியாய் இல்லாததால்
திரும்பத் தேடவும் அவசரமில்லை.
வினிகரில் பிடியைத் தளர்த்தியது
அந்தச் சும்மா நின்ற கூட்டம்தான்.
சும்மா நிற்பது என்றொன்று
கரைசலில் இல்லை.

உப்புநீரிலேயே கலக்கிய தாங்கல் கரைசல் கேட்டு
மூன்று தடவை எழுதிப் போட்டாயிற்று.
பர்ச்சேஸ் குணாளன் சிரித்தார்:
"கடல்ல உப்பு இருக்குன்னு கண்டுபுடிச்சியாம்மா?"
நானே எடை போட்டேன்.
சோடியம் குளோரைடு, சல்பேட்டு, கொஞ்சம் கால்சியம்,
மெக்னீசியம் குளோரைடு டப்பா
ஈரம் குடித்துக் கல்லாகிக் கிடந்தது,
கரண்டிக் காம்பால் குத்திப் பெயர்த்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு எண் நின்றது.
ஏழு புள்ளி ஆறு.
"பாஸா பெயிலா?" என்றாள் கன்னியம்மா.

புளிப்பு எவ்வளவு என்று இது சொல்லும்.
சாம்பல் ஓடை எதைக் கொண்டுவந்தது,
எது விரலிடுக்கில் புகுந்தது என்று
இந்தக் குமிழுக்குத் தெரியாது.
அதற்கு வேறு மெஷின் வேண்டும்,
வேறு கையெழுத்தும்.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல என்று
டிஷ்யூவால் குமிழைத்
துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஏத்தத்துல ஒண்ணு, வத்தத்துல ஒண்ணு,
ரெண்டு பாட்டில் கொண்டா."
"ரெண்டா? இதுவே கடைக்காரன் பாட்டில்.
காலி பண்ணிக் குடு, திருப்பித் தரணும்."

தொட்டியில் ஊற்றினேன்.
கழுவ வேண்டாம் என்றாள்.
வெடித்த விரலால் வாயை மூடிப் பிடித்துக்கொண்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.
நோட்டில் எண்ணை எழுதி
பக்கத்தில், யாரும் கேட்காத கட்டத்தில்,
உப்பில் அளந்தது என்று எழுதிவைத்தேன்.