காரணம் என்ற கட்டம்

மின்விசிறி சுற்றியது, அழுதார். எட்டு நொடி.
இட்லிமேல் சட்னி விழுந்தது, சிரித்தார். இருபது.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி, பதினேழாம் கட்டில்,
முனிரத்தினம், ஐம்பத்தாறு வயது,
வேலூர் திருவண்ணாமலை தடத்தில் கண்டக்டர்.
மூளைக்குள் நூலளவு குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதில்
வலது கை போயிற்று,
முகத்தின் தாழ்ப்பாளும் போயிற்று.

என் நோட்டில் நான்கு கட்டம்:
மணி, என்ன, எவ்வளவு நேரம், காரணம்.
நாலாவதில் கோடு போட்டுப் போட்டு
பேனா இப்போது தானாகவே கோடு போடுகிறது.

அம்சவேணிக்கு வெட்கம்.
முந்தானையால் அவர் வாயைப் பொத்துவாள்.
"பக்கத்துப் புள்ள வலியில துடிக்குது,
இவுரு சிரிச்சினு கீறாரு,
பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க சிஸ்டர்?"
பொத்தாதீங்கம்மா.
விக்கல் வந்தா திட்டுவீங்களா?
கூடச் சிரிக்க வேணாம், ஏன் அழுறன்னு கேக்கவும் வேணாம்.
தோளைத் தளத்தி விடுங்க.
அந்த நேரம் தண்ணி மட்டும் குடுக்காதீங்க, பொரையேறும்.

பாடப்புத்தகத்தில் இது அரைப்பக்கம்.
மீதியை ஜன்னல்தான் சொல்லித்தந்தது.
வெளியே பஸ் ஹாரன்;
அவருடைய இடது கை விரல்கள் விரிந்தன,
பத்து ரூபாயை நீளவாக்கில் மடித்துச் செருகும்
அதே இடைவெளியோடு.

அன்றிலிருந்து, முகம் கைமீறும்போதெல்லாம் கேட்கிறேன்:
அடுத்த ஸ்டாப்பிங் எது?
கணியம்பாடி என்பார், மூச்சை இழுத்து.
ஊருக்கு ஒரு மூச்சு.
கண்ணமங்கலம். சந்தவாசல்.
பெரும்பாலும் போளூருக்குள் முகம் திரும்பிவிடும்.
சில ராத்திரி கலசபாக்கம் தாண்டியும் ஓட்டவேண்டியிருக்கும்.
ஒருநாள் சாம்பார்க் கிண்ணம் பறந்து என் வெள்ளைச் சட்டையில் நின்றது.
அன்று பஸ் ஸ்டிரைக் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை யுவராஜ் வந்தான், மழித்த தலையோடு.
சந்தவாசலில் அண்ணன் ஏகாம்பரம்,
முந்தாநாள், மாரடைப்பு. எடுத்தாயிற்று.
சொல்லி முடிக்கவில்லை,
இவர் சிரித்தார்.
வார்டே திரும்பிப் பார்க்க,
பல் அத்தனையும் தெரிய,
கண்ணில் மட்டும் பயம்.

"எங்கப்பன் செத்தது உனக்குச் சிரிப்பா இருக்குதா?"
ஓங்கிய கையை எட்டிப் பிடித்தேன், மணிக்கட்டில்.
பழக்கதோஷம், நாடியும் பார்த்துவிட்டேன். நூற்றிருபது.
மூஞ்சியைப் பாக்காதப்பா, அது அவர் பேச்சைக் கேக்காது.
கையைப் பாரு.
கட்டில் கம்பியில்
நகம் வெளுக்கப் பிடித்திருந்தது இடது கை.

அடுத்த ஸ்டாப்பிங் எது, முனிரத்தினம்?
கணி... சிரிப்பு... யம்பாடி.
கண்ணமங்கலம்.
சந்தவாசல்.
அங்கே நின்றுவிட்டார்.
சிரிப்பும் நின்றது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
எங்கோ டிரிப் ஸ்டாண்டை யாரோ தரையில் இழுத்துப் போனார்கள்.
பிறகு, குழறும் நாக்கில், யாரிடம் என்றில்லாமல்:
"ஓல்டான்... ஆளு எறங்கணும்."

யுவராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.
அந்த இடது கையை எடுத்துத்
தன் மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டான்.

ஒன்பது நாற்பது. சிரிப்பு. ஒன்றரை நிமிடம்.
நாலாவது கட்டத்தில் கோட்டைப் பாதியில் நிறுத்தி
அண்ணன் என்று எழுதினேன்.
அதற்குப் பிறகு அவர் சும்மா இருந்த நேரத்துக்குக்
கட்டம் இல்லை. ஓரத்திலும் இடம் போதவில்லை.

விடிந்து, வேலூர் பஸ் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
"சில்லறையா குடும்மா" என்றார் கண்டக்டர்,
விரலிடுக்கில் நோட்டுகளோடு.
எனக்கு அழுகை வந்துவிட்டது.
எட்டு நொடி இருக்கலாம், எண்ணவில்லை.
"இன்னா சிஸ்டர், இன்னாச்சு?"
ஒண்ணுமில்ல.
பாகாயம் ஒண்ணு.