பார்க்காமல் சொல்

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட வேண்டுமென்றால்
தெருக்களைத் தலைக்குள் கொண்டுவர வேண்டும்.
ஐம்பத்திரண்டு வயதில், வாடகை மொப்பெட்டில்,
கிளிப் போட்ட வரைபடம் நனைய நனைய
மூன்று குளிர்காலமாக அதைத்தான் செய்கிறேன்.

முதல் வருடம் வரைபடத்தை வாசித்தேன்.
நூறு முறை. மஞ்சள் பேனாவால் கோடிட்டு,
கோட்டின் மேல் கோடிட்டு.
தேர்வு அறையில் டை கட்டியவர் கேட்டபோது
மஞ்சள் மட்டும் நினைவிருந்தது.

பிறகுதான் லிபானைச் சந்தித்தேன்.
மொகடிஷுக்காரன். அவனும் இதற்குத்தான் படிக்கிறான்.
மேனர் ஹவுஸ் பக்கம் ஒரு தேநீர்க் கடை.
வரைபடத்தைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொள்வான்.
"பார்க்காமல் சொல்லு, அக்கா. கிப்சன் சதுக்கம்."
(அக்கா என்கிற சொல் என்னிடம் பழகியது.)

கிரீன் லேன்ஸில் இடப்பக்கம் கிளம்பி
வலம் பிரவுன்ஸ்வுட் ரோடு
இடம் பிளாக்ஸ்டாக்
நேரே ஹைபரி பார்க்
நேரே ஹைபரி குரோவ்
பிறகு
பிறகு

அந்த இரண்டாவது 'பிறகு'க்கு அப்பால் கும்மிருட்டு.
கை துழாவும். தேநீர் ஆறி ஆடை படரும்.
லிபான் உதவ மாட்டான்,
கூரையைப் பார்த்துப் பல் குத்துவான்.
எங்கிருந்தோ ஒரு பேக்கரி வாசனை,
நான் ஒருமுறை சறுக்கி விழுந்த வளைவு,
"வலம் செயின்ட் பால்ஸ் ரோடு!"
அப்படித் துழாவி எடுத்த தெரு
அதற்குப் பிறகு தொலைந்ததே இல்லை.

ஆனால் ஒன்று.
காலேஜ் கிராஸில் இடம் திரும்ப வேண்டியதை
ஒரு வாரம் வலம் என்றே சொல்லிவந்தேன், உரக்க.
லிபானுக்குச் சளி, கவனிக்கவில்லை.
தவறுக்கும் தார் போட்டாகிவிட்டது.
பெயர்த்தெடுக்க இரண்டு மாதம்.

அன்றிரவுதான் இழுப்பறையைத் திறந்தேன்.

பதினாறு வருடம் முன்பு
லெஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து பவளராணி அக்கா
என் வீட்டு ஆன்சரிங் மெஷினில் விட்ட செய்தி.
தீப்பெட்டி அளவுக் கேசட்.
"கெதியா வா."
கல்லாவில் என் ஷிஃப்ட் முடிந்து, ரயில் பிடித்து,
நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் பிந்திவிட்டது.
அன்றுமுதல் பஸ்ஸில், குளியலறையில்,
உருளைக்கிழங்கு உரிக்கையில் சொல்லிப் பார்த்த வாக்கியம்.
கேட்டுப் பார்த்ததில்லை.
மனப்பாடமாக இருப்பதை எதற்கு?

செவன் சிஸ்டர்ஸ் ரோட்டுப் பழைய சாமான் கடையில்
எட்டு பவுண்டுக்கு ஒரு மெஷின்.
பீப். ஒரு இருமல்.
தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகிறது.
"வேலை முடிச்சுப்போட்டு ஆறுதலா வா.
அவசரமில்லை, என்ன?"

திரும்பச் சுற்றினேன்.
ஆறுதலா.
இன்னொரு முறை.
கேசட்டை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
பார்க்காமல் சொல்.
'கெ' என்று தொடங்கியது நாக்கு.

மறுநாளும் 'கெ'. அதற்கு மறுநாளும்.

இன்று காலை ஹைபரி கார்னர். மழை.
விளக்கு மஞ்சளுக்கு மாறியது,
முறுக்கினால் தாண்டிவிடலாம்.
ஹெல்மெட்டுக்குள்
முதலில் அந்த இருமல் வந்தது,
பிறகு தள்ளுவண்டி,
பிறகு

பிரேக் பிடித்தேன்.
பின்னால் வந்த வேன்காரன்
ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.